மண்ணாங்கட்டிக்கு மூச்சு வாங்கிய கதை

எங்கள் ஹேமர் ஷாப்பில் மண்ணாங்கட்டிக்கு மூச்சு வாங்கி யாரும் பார்த்ததில்லை. சரியாகச் சொன்னால், நாலைந்து பேர் பார்த்திருக்கிறோம், வெளியில் சொன்னதில்லை. 1991-ஆம் வருஷம் அதை அவர் ஒரு டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்து வாங்கிக் காட்ட வேண்டியதாகிவிட்டது. அந்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர் பெயர் வேறு காரணத்துக்காக உலகம் முழுக்கப் போயிற்று. அதை எழுத ஆட்கள் இருக்கிறார்கள். மண்ணாங்கட்டியை எழுத ஆள் கிடையாது, அதனால் நான் எழுதுகிறேன்.

தண்டலத்தைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்தில் எங்கள் ஃபாக்டரி. லாரிக்கு வேண்டிய இரும்புச் சாமான்களைச் சூட்டோடு அடித்து எடுக்கிற இடம். கொல்லுப் பட்டறை பார்த்திருப்பீர்கள், அதை ஒரு கொட்டகை நிறைய நினைத்துக்கொள்ளுங்கள். யாக்கோபு ஃபர்னேஸிலிருந்து சிவந்த இரும்புத் துண்டை இழுத்துப் போடுவார். மண்ணாங்கட்டி அதை நீளக் கொறடால் பிடித்து ஹேமருக்கு அடியில் வைத்துக் காலால் பெடலை மிதிப்பார். மேலேயிருந்து இடி விழும். திருப்பி வைப்பார், இன்னொரு இடி. வடிவம் வந்ததும் என் பக்கம் தள்ளுவார். ஓரத்தில் பிதுங்கியதை நான் வெட்டி எறிவேன். ஃபர்னேஸில் வைத்த துண்டெல்லாம் தீர்ந்தால் அதற்கு ஒரு சூடு என்று பெயர். எங்களுக்குக் கடிகாரம் அதுதான். 'ரெண்டு சூடு ஆவட்டும், டீ குடிக்கலாம்' என்போம்.

மண்ணாங்கட்டிக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஊர் ஒரகடத்துக்குப் பக்கத்தில். அந்தக் காலத்தில் ஒரகடம் என்றால் ஏரியும் வேர்க்கடலைக் கொல்லையும்தான், கம்பெனி பஸ் அங்கே எட்டிப் பார்க்காது. சைக்கிள் மிதித்து ஸ்ரீபெரும்புதூர் வந்து பஸ் ஏறுவார். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை என்று வேண்டிக்கொண்டு வைத்த பெயர். புதிதாக வருகிற ஆபீசர்கள் கூப்பிடக் கூச்சப்படுவார்கள், ஏதோ திட்டுகிற மாதிரி இருக்கிறது என்று. 'கூப்டு சார், அதான் பேரு' என்று இவரே தைரியம் சொல்லுவார்.

எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு, கை மாற்றுவது. வயசானவர் ஒருத்தருக்குத் தோள் கடுக்கிறது என்று வையுங்கள். அவர் வாய் திறக்க மாட்டார். சூப்பர்வைசர் புருஷோத்தமன் அந்தப் பக்கம் திரும்பியதும், இளவட்டம் ஒருத்தன் பேசாமல் வந்து கொறடை வாங்கிக்கொள்வான். இவர் ஆயில் டிரம்முக்குப் பின்னால் போய், ஈரக் கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு உட்காருவார். ஹேமர் சத்தம் நிற்காத வரைக்கும் அடிக்கிறது யார் என்று புருஷோத்தமன் திரும்பிப் பார்க்க மாட்டார். கேட்கவும் கூடாது, நன்றி சொல்லவும் கூடாது. தன் வாலிபத்தில் மண்ணாங்கட்டியும் எத்தனையோ பேருக்கு மாற்றியவர்தான். இப்போது அவருக்கு மாற்றுகிறவன் கோபால். கல்யாணமாகி வருஷம் திரும்பாதவன், ஆள் தேக்கு மரம்.

இந்த நிலைமையில்தான் ஆடிக் காற்றோடு டாக்டர் அமலா வந்து சேர்ந்தார். ஏதோ மருத்துவக் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவர். எங்களையெல்லாம் கேன்டீனில் உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். கனமான வேலை செய்தபின் உடம்பு பழைய நிலைக்குத் திரும்ப, நாற்பத்தைந்துக்கு மேலே ஆனவர்களுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது, இளைஞர்களுக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டுமாம். அது தெரிந்தால்தான் யாருக்கு எப்போது ஓய்வு வேண்டும் என்று கம்பெனிக்குச் சொல்ல முடியுமாம். ஒரு சூடு முடிந்ததும் நேராக முதலுதவி அறைக்கு வர வேண்டும், நாடி பார்ப்பார். கொஞ்சம் உட்கார வைத்து மறுபடி பார்ப்பார். கையில் ஒரு பிடியைக் கொடுத்து அழுத்தச் சொல்லுவார், அதில் முள் ஏறும். யார் பெயரையும் மேலே சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார்.

நல்ல பெண்மணி. அவர் சொன்னது அத்தனையும் நிஜம். ஒருத்தரும் நம்பவில்லை.

"இன்னா ஆராய்ச்சி" என்றார் யாக்கோபு, டீயை ஊதிக்கொண்டே. "காள எது, கெழடு எதுன்னு பிரிக்க வந்துகீது அந்தம்மா. கெழடெல்லாம் தோட்டத்துக்கு."

தோட்டம் என்றதும் மண்ணாங்கட்டியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆபீஸ் கட்டடத்துக்கு முன்னால் குரோட்டன்ஸ் செடி வரிசை ஒன்று இருக்கிறது. அப்பாவு என்று எங்கள் பழைய ஹேமர்காரர், வயிற்றில் ஆபரேஷன் ஆனபின் அதற்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பப்பட்டார். நிழலான வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஷிப்ட் விட்டு பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகத் தினம் ஒரு குரல் போகும், 'இன்னா அப்பாவு, ரோஜாவுக்கு ஓ.டி. உண்டா' என்று. அந்தக் குரலை முதல் முதலில் கொடுத்தவர் மண்ணாங்கட்டிதான். அதனால் பயமும் அவருக்குத்தான் மற்றவர்களைவிட அதிகம். இடியை மிதித்த காலோடு பூவாளியைத் தூக்கிக்கொண்டு நிற்பது என்றால் அவருக்கு அதைவிடக் கேவலம் வேறில்லை.

உடனே பயிற்சி ஆரம்பமாயிற்று. முள்ளை ஏற்றுவதற்குக் கைப்பிடி பலமாக வேண்டும் என்று, வீட்டுக்குப் போய் மனைவி செங்கமலத்திடம் தேங்காய் துருவச் சொன்னார். துருவலைக் கையால் பிழிந்தே பால் எடுத்தார். அந்த வாரம் முழுக்க அவர் டிபன் கேரியரைத் திறந்தால் தேங்காய்ப்பால் குழம்பு, தேங்காய்ப்பால் சோறு, தேங்காய்ப்பால் ஆப்பம். எங்களுக்கும் பங்கு வந்தது. துவைத்த துணியையும் அவரே பிழிந்தார். கல்யாணமான நாளாய் அரசாங்கம் செய்த எந்தக் காரியமும் தன் வீட்டு வாசலுக்கு வந்ததில்லை, இந்த ஆராய்ச்சி மட்டும் வந்துவிட்டது என்று செங்கமலம் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாடிக்குத் தேங்காய் உதவாது. அதற்கு யாக்கோபு யோசனை சொன்னார். வயசானவரின் முறை வருகிற சூட்டில் முதல் நாலு துண்டை மட்டும் அவர் அடிப்பது. மிச்சத்தைக் கோபால் வகையறா அடிப்பது. சூடு முடிந்ததும் டிரம்முக்குப் பின்னாலிருந்து எழுந்து, முகத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து வியர்வை மாதிரி ஆக்கிக்கொண்டு, முதலுதவி அறைக்குப் போவது. வழக்கமாகச் செய்கிறதுதான், கொஞ்சம் தாராளமாகச் செய்தோம்.

ஒன்றை யாரும் யோசிக்கவில்லை. இளைஞர்களுக்கும் நாடி பார்த்தார்கள். அவர்கள் தங்கள் சூட்டையும் அடித்து, பெரியவர்களின் சூட்டையும் அடித்துவிட்டுப் போனார்கள்.

நாடி இறங்காததைப் பார்த்து டாக்டரம்மா கோபாலைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாராம், குடிப்பாயா, பீடி உண்டா, சரியாகத் தூங்குகிறாயா, வீட்டில் யாருக்காவது இருதய நோய் உண்டா என்று. அவன் பாவம், எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்து, வீட்டில் போய் அப்படியே சொல்லித் தொலைத்தான். அவன் பெண்டாட்டி ரத்னா அழுதுகொண்டு அம்மா வீட்டுக்கு ஆள் அனுப்ப, மாமியார் தாயாரம்மாள் மறுநாளே வந்து இறங்கினார். ஃபாக்டரி கேட்டிலேயே மருமகனை மடக்கி, ஷிப்ட் விட்டு வருகிற கூட்டத்துக்கு நடுவில், "நெலம் நீச்சு கீதான்னு பாத்தேன், நெஞ்சு கீதான்னு பாக்காம வுட்டுட்டனே" என்றார்.

கோபால் அன்றைக்கு மண்ணாங்கட்டியைப் பார்த்த பார்வையில் இரும்பு சிவந்திருக்கும். இவர் பஸ்ஸில் முன் சீட்டில் போய் உட்கார்ந்து செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தைப் பற்றி டிரைவரோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

பாதி ஆராய்ச்சி முடிந்த நிலையில், இதுவரைக்கும் என்ன தெரிகிறது என்று மேனேஜர் டாக்டரம்மாவைக் கேட்டார். அவர் தயங்கித் தயங்கி, கணக்கு விசித்திரமாக இருக்கிறது, இன்னும் பார்க்க வேண்டும், இப்போதைக்குப் பெரியவர்கள்தான் சீக்கிரம் தெளிகிறார்கள் என்று சொன்னார். மேனேஜருக்கு முன்பாதி காதில் விழவில்லை. பக்கத்துக் கொட்டகையில் புது ஹேமர் ஒன்று வந்து இறங்கியிருந்தது, எங்களுடையதைவிடப் பெரியது. அதற்கு யாரைப் போடுவது என்று தவித்துக்கொண்டிருந்தவர் அவர். மறு வாரமே உத்தரவு வந்தது. புது ஹேமருக்கு அனுபவமும் பலமும் உள்ள பெரியவர்கள். பழைய ஹேமருக்கு இளைஞர்கள். இளைஞர்களின் உடல்நிலையை உத்தேசித்து அவர்களுக்கு மட்டும் காலையில் கூடுதலாக ஒரு ஓய்வு.

புருஷோத்தமன் அதைப் படித்தபோது பெரியவர்கள் கைதட்டினார்கள். மண்ணாங்கட்டி மீசையை இரண்டு தடவை தடவிக்கொண்டார். தோட்டம் போயிற்று, இனி அந்தப் பேச்சே இல்லை. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து அப்பாவுவைப் பார்த்து அவர் கொடுத்த குரல் தண்டலம் வரைக்கும் கேட்டிருக்கும்.

புது ஹேமரில் முதல் சூடு நன்றாகத்தான் போயிற்று. இரண்டாவது சூட்டின் நடுவில் அவர் தோள் இறங்கியது. வழக்கம்போல் தலையை லேசாகத் திருப்பினார். கொறடை வாங்க ஆள் வரவில்லை. எப்படி வரும், அந்தக் கொட்டகையில் இருந்தது எல்லாமே நாற்பத்தைந்துக்கு மேல். யாக்கோபு, நான், இன்னும் நாலு நரைத்த தலை. அவர் எங்களைப் பார்த்தார், நாங்கள் அவரைப் பார்த்தோம். ஜன்னல் வழியாகப் பழைய கொட்டகை தெரிந்தது. அங்கே கோபால், கம்பெனி கொடுத்த ஓய்வில், காலை நீட்டி உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தான். இந்தப் பக்கம் பார்த்து டம்ளரைத் தூக்கி வேறு காட்டினான்.

அந்த வாரம் எங்கள் கொட்டகையில் நல்ல சாமானைவிடக் கோணல் சாமான்தான் அதிகம் விழுந்தது. கொறடு நடுங்கினால் அடி தப்பும். அடி தப்பினால் அது இரும்புக்கடைக்குத்தான் போகும்.

வீட்டில் மண்ணாங்கட்டி சாப்பிட உட்கார்ந்தபோது சோற்று உருண்டை வாய்க்குப் போகிற வழியில் ஆடியது. செங்கமலம் அதைப் பார்த்துவிட்டு, அந்த டாக்டரம்மாவிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடு என்றார். சொன்னால் தோட்டத்தில்தான் கொண்டு போய் நிறுத்துவார்கள் என்று இவர் எகிறினார்.

"நிறுத்தட்டுமே. நிக்கறதுக்கு நீ இருக்கணும் இல்ல" என்றார் செங்கமலம். "இந்தக் கையி ஆடுற ஆட்டத்துல நாளைக்கு ஹேமருக்கு அடியில இரும்பு போவுதோ உன் வெரலு போவுதோ. வெரலு இல்லாம வந்தின்னா வூட்டு தோட்டத்துக்குக்கூட உன்ன சேத்துக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

இதை எனக்கு அவரே பஸ்ஸில் சொன்னார். சொல்லிவிட்டு, பொம்பளைக்கு என்ன தெரியும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் அன்றைக்கு ஃபாக்டரி வந்து இறங்கியதும் கொட்டகைக்குப் போகாமல் நேரே முதலுதவி அறைக்குப் போனார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார்.

டாக்டர் அமலா மேஜை மேல் அந்தப் பிடிக் கருவியைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். மண்ணாங்கட்டி, ஈரக் கோணியிலிருந்து முகத்தில் தெளித்த தண்ணீர் வரைக்கும் எதையும் மறைக்காமல் ஒப்பித்தார். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தோம். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு முறை பட்டணத்துக்கு ரிப்பேருக்கு அனுப்பினாராம். ரிப்பேர்க்காரன் டாக்டரம்மாவைத்தான் ஒரு மாதிரி பார்த்தானாம்.

பிறகு அவர் முகம் மாறியது. பழைய ஹேமரில், யாரும் கை மாற்றாமல், ஒரு முழுச் சூடு அடித்துவிட்டு வர முடியுமா என்று கேட்டார். இந்தத் தடவை தானும் பக்கத்தில் நிற்பேன் என்றார்.

"அடிக்கிறேம்மா. அடிச்சிட்டா, தோட்டத்துக்கு அனுப்பிடுவாங்களா" என்றார் மண்ணாங்கட்டி.

"அது என் கையில இல்லைங்க ஐயா. அனுப்ப மாட்டாங்கன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். அனுப்பக் கூடாதுன்னு என்னால எழுத முடியும்."

ஐயா என்று யாரைச் சொல்கிறார் என்று மண்ணாங்கட்டி பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே நான்தான் இருந்தேன். என்னை அப்படிக் கூப்பிட வாய்ப்பில்லை என்று அவருக்கே புரிந்துவிட்டது.

மறுநாள் காலை இரண்டு கொட்டகை ஆட்களும் பழைய ஹேமரைச் சுற்றி நின்றோம். புருஷோத்தமனும் வந்திருந்தார். டாக்டரம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். யாக்கோபு ஃபர்னேஸை இன்னொருத்தரிடம் விட்டுவிட்டு, கோபாலைத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார். இருந்த கோபத்துக்கு அவன் சும்மா நிற்பான் என்றுதான் நினைத்தோம்.

மண்ணாங்கட்டி அடித்தார். ஆரம்பத்தில் எல்லாம் வாலிபத்து அடி. இரும்பு அவர் சொன்ன பேச்சைக் கேட்டது. பாதிச் சூட்டில் கொறடு கனக்க ஆரம்பித்தது எனக்குத் தெரிந்தது, துண்டு என் பக்கம் வந்து விழுகிற விதத்தில். அதற்கப்புறம் அவர் தோளால் அடிக்கவில்லை, இடுப்பால் அடித்தார். கோபாலின் கால் தானாக ஓரடி முன்னால் வந்தது. யாக்கோபு அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் போனதும் மறுபடி வந்தது. மறுபடி பிடித்தார். கடைசித் துண்டு வெளியே வரும்போது சட்டையின் பாதி யாக்கோபு கையில் இருந்தது.

நேரே முதலுதவி அறை. டாக்டரம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். மண்ணாங்கட்டி விறைப்பாக உட்கார்ந்து, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, மூக்கு மட்டும் விரிய இருந்தார். இத்தனை வருஷப் பழக்கம், சட்டென்று விடுமா.

"மூச்சை விடுங்க ஐயா" என்றார் அவர்.

"வுட்டா சத்தம் வரும்மா. வெளிய பசங்க கீறானுங்க."

"வரட்டும்."

விட்டார். அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்வது. பழைய பஸ் மேட்டில் ஏறுகிற மாதிரி இழுத்து இழுத்து வந்தது. வாசலில் நின்ற எங்கள் ஆட்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், ஏதோ கூரை ஓட்டைப் பரிசோதிக்க வந்தவர்கள் போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா கையை விடவில்லை. நாடி இறங்கவில்லை போலிருக்கிறது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உட்கார வைத்தார். அப்படி உட்கார்ந்த வாக்கிலேயே மண்ணாங்கட்டி தூங்கிப்போனார். மூச்சுச் சத்தம் குறட்டையாக மாறியது.

டியூட்டி நேரத்தில் தூக்கமா என்று புருஷோத்தமன் உள்ளே காலெடுத்து வைத்தார். டாக்டரம்மா உதட்டில் விரலை வைத்தார். இவர் நின்றார். தூங்குகிறவரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கும் அந்த வருஷம் நாற்பத்தெட்டு. பிறகு பக்கத்துப் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தனக்கும் கொஞ்சம் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

மேனேஜரிடம் டாக்டர் அமலா என்ன பேசினார் என்பதைப் புருஷோத்தமன் எங்களுக்குச் சொன்னார். பெரியவர்களுக்குப் பலம் குறைவில்லை, அடி சுத்தம், ஆனால் உடம்பு தெளிய இளைஞர்களைவிட நேரம் பிடிக்கிறது. பாதிச் சூட்டில் ஆள் மாறினால் இரண்டு பேருமே கெடுவதில்லை. இதை அவர்கள் ஏற்கெனவே மறைவாகச் செய்துகொண்டுதான் இருந்தார்கள், வெளிச்சத்தில் செய்யவிட்டால் போதும் என்றாராம். மேனேஜர் அதற்கெல்லாம் மசியவில்லை. புதுக் கொட்டகைக்கு வெளியே மலையாகக் குவிந்திருந்த கோணல் சாமானை டாக்டரம்மா ஜன்னல் வழியாகக் காட்டியபிறகுதான் மசிந்தார்.

இரண்டு கொட்டகையிலும் பெரியவர் ஒருத்தர், இளைஞர் ஒருத்தர் என்று ஜோடி போட்டார்கள். பாதிச் சூட்டில் புருஷோத்தமன் விசில் ஊதுவார், கொறடு கை மாறும். உட்கார ஒரு ஸ்டூலும் போட்டார்கள். டிரம்முக்குப் பின்னால் அல்ல, நடுக் கொட்டகையில், எல்லோரும் பார்க்கிற இடத்தில். மண்ணாங்கட்டியை யாரும் தோட்டத்துக்கு அனுப்பவில்லை. கோபாலின் நெஞ்சில் கோளாறில்லை என்று டாக்டரம்மா கைப்பட எழுதிக் கொடுத்தார். தாயாரம்மாள் அதை மஞ்சள் தடவிச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்ததாகக் கேள்வி.

எல்லாம் சரி, மண்ணாங்கட்டிக்கு அந்த ஸ்டூல்தான் பெரிய கஷ்டமாக இருந்தது. முதல் விசில் ஊதியபோது கொறடை விடவே மாட்டேன் என்று நின்றார். கோபால் இழுக்க, இவர் இழுக்க, சிவந்த இரும்பு நடுவில் தொங்கியது. "வுடு நைனா, சட்டம் போட்டுகீறாங்க" என்று கோபால் கெஞ்சினான். விட்டுவிட்டுப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். திருடி எடுத்த ஓய்வில் இருந்த சுகம் இதில் இல்லை என்று என்னிடம் புலம்பினார். நான்கைந்து நாள் அப்படித்தான் போயிற்று. அந்தச் சுவரில் ஒரு பல்லி இருந்தது, அதற்கு அவரைக் கண்டால் ஓடுகிற பழக்கமே விட்டுப்போயிற்று.

பிறகு ஒரு நாள் கோபால் அடித்த ஒரு அடி கொஞ்சம் சாய்ந்து விழுந்தது. சத்தத்திலேயே தெரிந்துவிடும் எங்களுக்கு. மண்ணாங்கட்டியால் தாங்க முடியவில்லை. ஸ்டூலோடு சேர்ந்து இந்தப் பக்கம் திரும்பினார்.

"இன்னாடா அடிக்கிற. இட்லிக்கு மாவாட்டுறியா" என்றார்.

கோபால் அடுத்த துண்டை வைத்தான். அதிலும் குறை இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. விசில் ஊதி, அவர் முறை வந்துவிட்டது என்று புருஷோத்தமன் வந்து கூப்பிட்டபோது, "இரு சார், இன்னும் ரெண்டு துண்டு அடிக்கட்டும், பாத்துட்டு வரேன்" என்று காலை மடித்து வசதியாக உட்கார்ந்துகொண்டார்.